மணல்மேட்டில் டிக் டிக் சத்தம்: 91, 95, 98-ல் எந்தப் பெட்ரோல்? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

அமீரகத்தில் பெரிய வண்டி ஒன்று பெட்ரோல் நிலையத்துக்குள் நுழைந்ததும் பணியாளர் கேட்கும் முதல் கேள்வி: "ஸ்பெஷலா, சூப்பரா?" பலரும் வண்டியின் விலையை மனதில் வைத்துப் பதில் சொல்கிறார்கள். ஐந்து லட்சம் திர்ஹாம் வண்டிக்கு சூப்பர்தானே போட வேண்டும் என்று ஒரு சாரார். எல்லாம் ஒரே பெட்ரோல்தான், மலிவானதைப் போடு என்று இன்னொரு சாரார். இரண்டு பேருமே எஞ்சினைக் கேட்காமல் முடிவெடுக்கிறார்கள்.

இங்கே கிடைப்பவை மூன்று: சூப்பர் 98, ஸ்பெஷல் 95, இ-பிளஸ் 91. இவை ஆர்ஓஎன் முறையில் அளந்த ஆக்டேன் எண்கள். அழுத்தமும் வெப்பமும் ஏறும்போது தானாகத் தீப்பிடிக்காமல் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதை அந்த எண் சொல்கிறது. அதில் உள்ள சக்தியின் அளவைச் சொல்வதில்லை. இந்த ஒரு விஷயம் தெளிவாகிவிட்டால் கீழே உள்ள பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சொந்த வண்டியைப் பாலைவனத்துக்குக் கொண்டுபோகிறவர்களுக்காகவும், முதலாளி வீட்டு நிசான் பேட்ரோலையோ லெக்ஸஸையோ ரேஞ்ச் ரோவரையோ பார்த்துக்கொள்ளும் நம் ஹவுஸ் டிரைவர் அண்ணன் தம்பிகளுக்காகவும் இதை எழுதுகிறேன். வண்டிக்கு ஏதாவது ஆனால் "நீ என்ன பெட்ரோல் போட்டாய்?" என்ற கேள்வி முதலில் அவர்களிடம்தான் வரும். அதனால் முதல் வேலை: பெட்ரோல் போட்ட ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். எந்த வகை, எத்தனை லிட்டர், எந்தத் தேதி என்று எல்லாம் அதில் இருக்கும். கடைசி மூன்று நான்கு ரசீதுகள் வண்டியிலேயே இருக்கட்டும்.

எதற்கும் முன்பு: மூடிக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்

பெட்ரோல் மூடியைத் திறந்தால் உள்பக்கத்தில் ஒரு எண் இருக்கும். இல்லையென்றால் கையேட்டில் இருக்கும். இரண்டு சொற்களைப் பிரித்துப் படியுங்கள். "குறைந்தபட்சம்" என்று இருந்தால் அதற்குக் கீழே போகவே கூடாது. "பரிந்துரை" என்று இருந்தால் அதில்தான் எஞ்சின் முழுத் திறனும் கிடைக்கும். அதற்கு ஒரு படி கீழே போட்டால் ஓடும், ஆனால் இழுவை குறையும். சில வண்டிகளில் இரண்டும் தனித்தனி எண்களாக இருக்கும்.

அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான வண்டி என்றால் இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். நான் பார்த்த தவறான எரிபொருள் கதைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. அமெரிக்க ஸ்டிக்கரில் "பிரீமியம், 91" என்று இருக்கும். உடனே இ-பிளஸ் 91 போட்டுவிடுவார்கள். அந்த 91 வேறு, இந்த 91 வேறு.

பெட்ரோலை ஆர்ஓஎன், எம்ஓஎன் என்று இரண்டு முறைகளில் சோதிக்கிறார்கள். ஆர்ஓஎன் சோதனையில் எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்று ஓடும். உள்ளே போகும் காற்று சுமார் 52 டிகிரி. எம்ஓஎன் சோதனையில் 900 சுற்று. பெட்ரோல் கலந்த காற்றை 149 டிகிரிக்குச் சூடாக்கி அனுப்புவார்கள். கடுமையான சோதனை என்பதால் அதே பெட்ரோலுக்கு எண் 8 முதல் 10 வரை குறைவாக வரும். அமெரிக்க பம்பில் எழுதியிருப்பது இந்த இரண்டின் சராசரி. எண்ணுக்குப் பக்கத்தில் "ஆர் கூட்டல் எம், வகுத்தல் 2" என்று அச்சிட்டிருந்தால் அது அந்தக் கணக்கு. ஆகவே அமெரிக்க 87 இங்கே ஏறத்தாழ 91. அமெரிக்க 91 இங்கே 95 அல்லது 96. அமெரிக்க 93 இங்கே 97, 98. அமெரிக்க ஸ்டிக்கரில் 91 கண்டால் கை ஸ்பெஷல் 95-க்குத்தான் போக வேண்டும்.

அறிகுறி: ஏற்றத்தில் மிதிக்கும்போது டிக் டிக் என்று உலோகச் சத்தம்

சின்னச் சுத்தியலால் இரும்பை வேகவேகமாகத் தட்டுவது போன்ற சத்தம். நாக்கிங் என்று எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் சொல்வது இதைத்தான். பிளக் பொறி விட்டதும் தீ ஒரு ஓரத்திலிருந்து ஒழுங்காகப் பரவ வேண்டும். எண் குறைந்த பெட்ரோலாக இருந்தால், தீ போய்ச் சேருவதற்குள் மறுமுனையில் நெருக்கப்பட்டுக் கிடக்கும் கலவை தானாகவே பற்றி வெடிக்கும். அந்த அதிர்வுதான் சத்தம். நீண்ட நேரம் தொடர்ந்தால் பிஸ்டனின் விளிம்பும் ரிங்கும் உடைவது வரை போகும்.

மணலில் இது அதிகமாக வரக் காரணம் உண்டு. எஞ்சின் முழுச் சுமையில் இழுக்கிறது, வண்டியோ மெதுவாக நகர்கிறது, ரேடியேட்டருக்குக் காற்று போதவில்லை. கோடையில் வெளிக்காற்றே 45 டிகிரியைத் தாண்டும். லிவாவில் தல் மொரீப் என்ற பெரிய மணல்மேட்டின் அடிவாரத்திலோ, அல் பதாயர் செம்மணலிலோ மதியம் மூன்று மணிக்கு ஏறும் எஞ்சின் அந்தக் கடுமையான எம்ஓஎன் சோதனைக்கு நெருக்கமான நிலையில்தான் இருக்கிறது. நகரச் சாலையில் 91-ல் சத்தமில்லாமல் ஓடிய வண்டி இங்கே சத்தம் போடுவதில் வியப்பில்லை.

முதலில் அது நாக்கிங்தானா என்று உறுதிசெய்யுங்கள். மிதியைப் பாதி விடுங்கள், அல்லது ஒரு கியர் இறக்குங்கள். சத்தம் உடனே நின்றால் நாக்கிங். வண்டி நிற்கும்போதும் சீராக டிக் டிக் என்று கேட்டால், பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் நேரடி உட்செலுத்தும் எஞ்சின்களில் அது இன்ஜெக்டர் சத்தம், இயல்பானது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கேட்டு, சூடானதும் மறைந்தால் எக்ஸாஸ்ட் இணைப்பில் கசிவைத் தேடுங்கள். மேடு பள்ளத்தில் மட்டும் கேட்டால் அடித்தகடோ வெப்பத் தகடோ தளர்ந்திருக்கும். மணலில் இறங்கிய வண்டிகளில் இது மிகச் சாதாரணம். போல்ட்டை முறுக்கினால் முடியும் வேலை. இதற்காக டேங்கைக் காலி செய்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நாக்கிங் என்று உறுதியானால் ரசீதை எடுங்கள். ஸ்டிக்கர் கேட்பதைவிடக் குறைந்த வகை போட்டிருந்தால் பதற வேண்டாம், டேங்கைக் கழற்றவும் வேண்டாம். மேலே 98 ஊற்றிச் சரிசெய்யலாம். பெட்ரோல் கலக்கும்போது எண்ணும் ஏறத்தாழ அதே விகிதத்தில் கலக்கிறது. பழைய வி8 பேட்ரோலின் டேங்க் 140 லிட்டர். அதில் 60 லிட்டர் 91 கிடக்கிறது என்றால், மீதி 80 லிட்டரை சூப்பர் 98-ஆக நிரப்புங்கள். கலவை சரியாக 95-க்கு வந்துவிடும். அடுத்த நிலையம் வரை மிதியை மென்மையாக வைத்து, கியரைத் தாழ்த்தி, சுற்று கொஞ்சம் உயர்வாகவே ஓட்டுங்கள். உயர்ந்த கியரில் எஞ்சினைத் திணறடிப்பதுதான் ஆபத்து. மணலை அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

சரியான பெட்ரோல் போட்டும் சத்தம் வருகிறதா? அப்படியானால் பெட்ரோலைக் குறை சொல்லாமல் வெப்பத்தைத் தேடுங்கள். ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் இடையே மணலும் காய்ந்த புல்லும் அடைத்திருக்கும். டர்போ வண்டியில் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இறக்கைகளிலும் அடைத்திருக்கும். எஞ்சின் ஆறிய பிறகு குறைந்த அழுத்தத் தண்ணீரால் உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் கழுவுங்கள். கூலண்ட் அளவைப் பாருங்கள். பிறகு எஞ்சின் ஆயில்: அளவுக்கு மேல் ஊற்றியிருந்தால் ஆவிக்குழாய் வழியாக, காற்று உள்ளே போகும் இன்டேக்குக்குள் ஆயில் போகும், அது கலவையின் தாங்கும் திறனைக் குறைத்துவிடும். மாற்றிய பிளக் அந்த எஞ்சினுக்கு உரிய வெப்ப அளவுள்ளதா என்றும் பாருங்கள்.

கடைசியாகக் கரி. பேட்ரோலின் 5.6 லிட்டர் எஞ்சினில் அழுத்த விகிதம் 11.2-க்கு 1. பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போகிறது; இன்டேக் வால்வைக் கழுவிக்கொண்டு போவதில்லை. ஆண்டுகள் ஓடிய பிறகு வால்வில் கரி படியும். அதை எந்தப் பெட்ரோலும், பெட்ரோலில் ஊற்றும் எந்த மருந்தும் தொட முடியாது. மேனிஃபோல்டைக் கழற்றிச் சுத்தம் செய்வதுதான் வழி. சிலிண்டருக்குள் படியும் கரி அழுத்தத்தை இன்னும் ஏற்றி நாக்கிங்கைக் கூட்டும்.

அறிகுறி: சத்தமே இல்லை, ஆனால் மணலில் இழுவை இல்லை

இப்போதைய வண்டிகளில் நாக்கிங் காதுக்குக் கேட்பது அரிது. நாக் சென்சார் முதல் அதிர்விலேயே கண்டுபிடித்து, பொறி விடும் நேரத்தைத் தள்ளிப்போடும்படி கணினிக்குச் சொல்லிவிடும். எஞ்சின் தப்பிக்கும், சக்தி குறையும். நேரம் தள்ளிப்போவதால் வெளியேறும் புகையின் வெப்பம் ஏறும். டர்போவும், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஆகவே "சத்தம் வரவில்லை, 91 ஒத்துக்கொள்கிறது" என்பது சரியான முடிவல்ல.

ஆனால் பெட்ரோலுக்குப் போகும் முன் டயர் காற்றைப் பாருங்கள். சாலைக்கு வைத்த 35 பிஎஸ்ஐ-யுடன் மணலில் இறங்கினால் உலகின் எந்தப் பெட்ரோலும் உதவாது. 12 முதல் 15 வரை இறக்கிவிட்டு அதே மேட்டில் மறுபடி ஏறிப் பாருங்கள். இழுவை வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. அடுத்தது ஏர் ஃபில்டர். தூசிப் புயலுக்குப் பின் சர்வீஸ் அட்டவணையைப் பார்த்துக் காத்திருக்காதீர்கள்.

இவையிரண்டும் சரி என்றால் வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டுங்கள். ஓடும்போதே நாக் ரிடார்ட் (பொறி நேரம் எவ்வளவு தள்ளிப்போகிறது), இன்டேக் காற்றின் வெப்பம் இரண்டையும் பாருங்கள். ஒரே மேடு, ஒரே நேரம், ஒரே டயர் காற்று என்று வைத்து, சந்தேகமான பெட்ரோலில் ஒருமுறையும் சரியான வகை நிரப்பிய பின் ஒருமுறையும் ஒப்பிடுங்கள். சில கணினிகள் புது எரிபொருளைப் பழகிக்கொள்ள நேரம் எடுக்கும். நிரப்பிய கையோடு சோதித்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். பி0325, பி0327, பி0332 போன்ற குறியீடுகள் வந்தால் கோளாறு நாக் சென்சாரிலோ அதன் வயரிலோ இருக்கலாம். சென்சார் வேலை செய்யாவிட்டால் கணினி பாதுகாப்புக்காக நேரத்தைத் தள்ளியே வைத்திருக்கும். 98 ஊற்றினாலும் இழுவை திரும்பாது.

எஞ்சின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு மின்னி மின்னி எரிந்தால் மட்டும் வேறு பேச்சே கிடையாது. அது மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோல் கன்வர்ட்டரில் போய் எரிகிறது என்று பொருள். நிறுத்துங்கள்.

அறிகுறி: டர்போ வண்டி, குறைந்த சுற்றில் ஒரே ஒரு பலத்த "தட்"

தொடர்ச்சியான டிக் டிக் இல்லை. 1,500 முதல் 2,500 சுற்றுக்குள் முழு மிதி கொடுத்தபோது ஒரே ஒரு அடி. சின்ன எஞ்சினில் பெரிய டர்போ வைத்த புதிய வண்டிகளில் வருவது. பொறி விடுவதற்கு முன்பே ஆயில் துளியோ கரித்துகளோ தீப்பற்றுவதால் வருகிறது. ஆக்டேனை உயர்த்துவது இதற்கு முழுத் தீர்வாகாது, ஆயில்தான் முக்கியம். 2020-ல் வந்த ஏபிஐ எஸ்பி தர ஆயில் இந்தச் சிக்கலையும் கணக்கில் வைத்து வகுக்கப்பட்டது. டப்பாவில் அந்தத் தரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தாழ்ந்த சுற்றில் மிதியைத் தரையோடு அழுத்தும் பழக்கத்தை விடுங்கள்.

அறிகுறி: 98 போட்டேன், ஒரு வித்தியாசமும் இல்லை

கோளாறு எதுவும் இல்லை. 95-க்கு வடிவமைத்த எஞ்சின் 95-ல் நாக் ஆகவில்லை என்றால் 98-ன் கூடுதல் தாங்கும் திறனைப் பயன்படுத்த அதற்கு வழியில்லை. மெர்சிடிஸ் ஏஎம்ஜி போன்ற வேக வகை எஞ்சின்கள் பெரும்பாலும் 98 கேட்கும். அவற்றுக்கு அது ஆடம்பரம் அல்ல, தேவை. ஸ்டிக்கரில் 95 உள்ள வண்டிக்கு அன்றாட ஓட்டத்தில் 95 போதும். கோடை மதியத்தில் ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு மணலில் இறங்கும் நாளில் மட்டும் 98 போடுங்கள் என்பது என் கருத்து. அங்கே அந்த இடைவெளிக்கு உண்மையான வேலை இருக்கிறது.

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். 2024 ஜனவரியில் லிட்டர் விலை: சூப்பர் 2.82, ஸ்பெஷல் 2.71, இ-பிளஸ் 2.64 திர்ஹாம். விலை மாதாமாதம் மாறினாலும் இடைவெளி ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். 140 லிட்டர் டேங்கை 95-க்குப் பதில் 91-ஆல் நிரப்பினால் மிச்சம் 9.80 திர்ஹாம். 95-க்குப் பதில் 98 நிரப்பினால் கூடுதல் செலவு 15.40. பத்துத் திர்ஹாமை மிச்சம் பிடிக்க அந்த எஞ்சினைப் பணயம் வைக்கும் முதலாளிகளிடம் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்.

ஆக்டேன் பூஸ்டர் பாட்டில் பற்றி: "30 பாயிண்ட் ஏறும்" என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் ஒரு பாயிண்ட் என்பது ஆக்டேனில் பத்தில் ஒரு பங்கு. 30 பாயிண்ட் என்றால் 3. அதைவிட 98 மலிவு. உலோகச் சேர்மம் உள்ள பூஸ்டர்கள் பிளக்கில் செம்பழுப்பு நிறப் படிவையும் விட்டுப்போகும்.

அறிகுறி: பெட்ரோல் போட்ட உடனே விளக்கு எரிகிறது, அல்லது ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது

நேரம் ஒத்துப்போவதால் எல்லோரும் பெட்ரோல் வகையைச் சந்தேகிப்பார்கள். ஸ்கேனரில் பி0455, பி0457 என்று வந்தால் பெரும்பாலும் பெட்ரோல் மூடி சரியாக இறுகவில்லை. கிளிக் சத்தம் வரும் வரை திருகிவிட்டு ஓட்டுங்கள்; சில ஓட்டங்களுக்குப் பின் விளக்கு அணைந்துவிடும். மூடியின் ரப்பர் இங்கத்திய வெயிலில் வெடித்திருந்தால் மூடியை மாற்றுங்கள்.

நிரப்பியதும் நீளமாக சுற்றவிட்டுத்தான் ஸ்டார்ட் ஆகிறது என்றால், பம்பின் துப்பாக்கி தானாக நின்ற பிறகும் "ரவுண்டு செய்ய" மேலே மேலே ஊற்றியிருப்பார்கள். பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப்பெட்டிக்குள் திரவப் பெட்ரோல் போய்விட்டது. முதல் கிளிக்கில் நிறுத்தச் சொல்லுங்கள். மறுபடி மறுபடி வந்தால் அந்த ஆவியை எஞ்சினுக்கு விடும் பர்ஜ் வால்வைச் சோதிக்க வேண்டும்.

அறிகுறி: மணல்மேட்டின் சாய்வில் திடீரென்று திணறி நிற்கிறது

சமதளத்துக்கு வந்ததும் சரியாகிறதா? டேங்கில் கால் பங்குக்கும் குறைவாக இருக்கும். சாய்வில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. ஆக்டேனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர வைப்பதும் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான்; பாலைவனத்தில் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

அறிகுறி: எல்லை தாண்டிப் போய் வந்த பிறகு சத்தம் தொடங்கியது

ஓமானிலும் சவூதியிலும் 91 பரவலாக ஓடுகிறது. சவூதியில் பச்சை 91, சிவப்பு 95. "பெட்ரோல்" என்று மட்டும் சொன்னால் மலிவான வகைதான் டேங்குக்குள் விழும். எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், பம்பில் எண்ணைப் பாருங்கள். ஓமானின் வஹீபா மணலுக்கோ மலைப்பக்கமோ போகிறவர்கள் கடைசிப் பெரிய ஊரிலேயே 95 நிரப்பிக்கொள்ளுங்கள். உள்ளே போகப் போக வகை குறையும். ஜபல் அக்தர் போன்ற நீண்ட செங்குத்து ஏற்றத்தில், உயரம் கூடக் கூடக் காற்று மெலிவதால் சாதாரண எஞ்சினுக்கு ஆக்டேன் தேவை கொஞ்சம் குறையும். டர்போ எஞ்சினுக்கு அந்தச் சலுகை கிடையாது. குறைந்த காற்றை டர்போ ஈடுகட்டிவிடும்.

அறிகுறி: ஊருக்குப் போய் வந்ததும் வண்டி சரியில்லை

இரண்டு மாத விடுமுறையில் பெட்ரோல் கெட்டுப்போகாது. பேட்டரிதான் முதல் சந்தேகம். ஆறு மாதத்துக்கு மேல் வெயிலில் நின்ற வண்டி என்றால் எளிதில் ஆவியாகும் பகுதி போயிருக்கும். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும். டேங்கை முக்கால்வாசி நிரப்பி நிறுத்திவிட்டுப் போனால் ஆவியாக இடம் குறைவு. திரும்பி வந்ததும் புதுப் பெட்ரோல் சேர்த்துவிட்டு ஓட்டுங்கள்.

அறிகுறி: கேனிலிருந்து ஊற்றிய பிறகு புகையும் நாக்கிங்கும்

பெட்ரோல் வண்டிக்குள் டீசல் போயிருக்கும். நிலையத்தில் டீசல் துப்பாக்கியின் முனை அகலம்; பெட்ரோல் வண்டியின் வாயில் பெரும்பாலும் நுழையாது. பெட்ரோலை டீசல் வண்டியில் ஊற்றுவதைத் தடுக்கப் பல வண்டிகளில் அப்படி ஒன்றும் இல்லை. பாலைவனத்தில் கேன் மாறினால் எது வேண்டுமானாலும் எதிலும் விழும். பெட்ரோல் கேனுக்கும் டீசல் கேனுக்கும் நிறம் வேறாக வையுங்கள். மேலே பெரிதாக எழுதியும் வையுங்கள்.

ஊற்றியதை உடனே கவனித்துவிட்டால் ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீர்கள். இக்னிஷன் போட்டாலே பல வண்டிகளில் பம்ப் ஓடி, தவறான எரிபொருளை முன்னே தள்ளிவிடும். டீசல் வண்டியில் பெட்ரோல் போனால் இது இன்னும் கடுமை: உயர் அழுத்த பம்புக்கு டீசல்தான் மசகு; பெட்ரோல் அதைக் கழுவிவிட, உலோகத்தூள் இன்ஜெக்டர் வரை போகும். நியூட்ரலில் தள்ளி ஓரமாக நிறுத்தி, ரெக்கவரி வண்டியை அழையுங்கள். மெக்கானிக்கிடம் எத்தனை லிட்டர் எது விழுந்தது, எஞ்சின் ஓடியதா, ஓடியிருந்தால் எத்தனை நிமிடம் என்ற மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். டேங்கை மட்டும் காலி செய்தால் போதுமா, லைன், ஃபில்டர் வரை கழற்ற வேண்டுமா என்பதை அவர் இந்தப் பதில்களை வைத்துத்தான் முடிவு செய்வார்.